பக்கிங்காம் கால்வாயின் பழைய லாக்: கதவு போட்டால் படகு வருமா?

சவுக்குத்தோப்பு

பழவேற்காடு ஏரிக்கு வடக்கே, துகராஜபட்டணம் பக்கமாகப் போகும் வழியில் பக்கிங்காம் கால்வாயின் பழைய லாக் (இரு முனையிலும் கதவு வைத்த படகு அடைப்பு) ஒன்று நிற்கிறது. சரியான இடத்தை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் முதலில் வருபவர்கள் பழைய இரும்பு எடுப்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

கதவுகள் எப்போதோ போய்விட்டன. கருங்கல் சுவர்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. நடுவில் முழங்கால் அளவு சேறு. தெற்குச் சுவரில் அரசமரம் ஒன்று வேர் விட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து வைத்திருக்கிறது. சுவரின் மேல் விளிம்புக் கற்களில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்கள் இருக்கின்றன. விரலை வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருக்கிறது. எத்தனை படகு அங்கே கட்டி நின்றிருக்க வேண்டும்!

எங்கள் தாத்தா சென்னையில் விறகுத் தொட்டி வைத்திருந்தவர். ஸ்ரீஹரிகோட்டாச் சவுக்கு இந்தக் கால்வாய் வழியாகத்தான் அவருக்கு வந்தது. அதனால்தான் இவ்வளவு ஆர்வம்.

எனக்கு இரண்டு கேள்விகள். கதவு சுழல்வதற்காகச் சுவரில் செங்குத்தாக அரைவட்டக் குழிகள் வெட்டியிருக்கிறார்கள். ஒரு முனைக்கு ஒரு ஜோடிக் கதவு போதுமே, ஏன் இரண்டு ஜோடிக்குக் குழி இருக்கிறது? இன்னொன்று, ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய இரு மாநில அரசுகளும் சேர்ந்து இதைப் பழையபடி இயக்க முடியாதா?

ஆரம்பாக்கம் பாசஞ்சர்

அருமையான பதிவு. லாக் என்றால் படகுக்குப் படிக்கட்டு. பனாமா கால்வாயிலும் இதே தொழில்நுட்பம்தான். படகு உள்ளே வந்ததும் கதவை அடைத்துத் தண்ணீரை ஏற்றுவார்கள், படகு மேலே ஏறிவிடும். உங்கள் லாக்கில் இரண்டு ஜோடி இருப்பது ஒன்று பழுதானால் இன்னொன்று உதவட்டும் என்பதற்காக இருக்கும்.

2008இலேயே இது தேசிய நீர்வழி 4 என்று அறிவிக்கப்பட்டுவிட்டது, காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை. கதவு போட்டு, தூர் வாரி, நாலு சுற்றுலாப் படகு விட்டால் போதும். பூநாரை பார்க்க வருகிற கூட்டம் அத்தனையும் இங்கே வரும். கேரளத்தில் அதைத்தானே செய்கிறார்கள்?

சூளூர்ப்பேட்டை ஓய்வூதியர்

பாசஞ்சர் தம்பிக்கு வணக்கம். படிக்கட்டு என்பது பனாமாவுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. பாசனத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கிங்காம் கால்வாய் கடல் மட்டத்தில் ஓடும் உப்புநீர்க் கால்வாய். பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை 420 கிலோமீட்டர். அதில் 257 ஆந்திரத்தில், 163 தமிழ்நாட்டில். கரையோரத்தில் ஏற்கெனவே இருந்த உப்பங்கழிகளையும் ஏரிகளையும் வெட்டி இணைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மேட்டில் ஏற வேண்டிய இடமே இல்லை. பிறகு லாக் எதற்கு?

ஆறுகளுக்காக. கால்வாய் வடக்குத் தெற்காக ஓடுகிறது, ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்கு வருகின்றன. ஒவ்வொரு ஆற்றையும் கால்வாய் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். சுவர்ணமுகி ஆறும் வடபெண்ணை ஆறும் கார்த்திகை மழையில் எப்படி வரும் என்று இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளம் கால்வாய்க்குள் திரும்பினால் ஒரே மழையில் மணல் மேடாகிவிடும். ஆகவே ஆற்றின் வடகரையில் ஒரு லாக், தென்கரையில் ஒரு லாக். வெள்ளம் வந்தால் இரண்டையும் அடைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். சென்னையிலும் கூவத்தின் இரு பக்கமும் அடையாற்றின் இரு பக்கமும் இப்படித்தான் வைத்தார்கள்.

இப்போது சவுக்குத்தோப்பு கேட்ட இரண்டு ஜோடி. லாக்கின் கதவுகள் இரண்டும் நடுவில் சேரும்போது நேர்கோட்டில் நிற்காது, முனை ஒரு பக்கமாகப் புடைத்து நிற்கும். அந்த முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துத் தண்ணீர் உயரமாக இருக்க வேண்டும். தண்ணீரின் அழுத்தமே இரண்டு கதவுகளையும் நெருக்கி அடைத்துக்கொள்ளும், தாழ்ப்பாள் வேண்டாம். ஆனால் எதிர்ப்பக்கம் தண்ணீர் உயர்ந்துவிட்டால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். நம் கரையில் மழைக்காலத்தில் ஆற்றுப் பக்கம் உயரும். கோடையில் வற்றம் (கடல்மட்டம் தாழ்வது) வரும்போது ஆற்றுப் பக்கம் தாழ்ந்து, கால்வாய்த் தண்ணீர் வடிந்து கடலுக்குப் போகப் பார்க்கும். ஒன்று உள்ளே வராமல் தடுக்க ஒரு ஜோடி, மற்றொன்று வெளியே போகாமல் தடுக்க எதிர்முகமாக இன்னொரு ஜோடி. நீங்கள் பார்த்த குழிகளில் ஒரு ஜோடி ஆற்றை நோக்கியும் மற்றது கால்வாயை நோக்கியும் சாய்ந்திருக்கும். அடுத்த முறை போனால் கவனியுங்கள்.

இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே சுமார் ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டர் போய்விட்டால் சுமை ஏற்றிய படகு தரை தட்டிவிடும்.

கொம்மமூர்

ஓய்வூதியர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பாபட்லா பக்கம் வேலை பார்க்கும் தமிழன். பெத்தகஞ்சாமில் உங்கள் உப்புநீர்க் கால்வாய் முடிந்து, கொம்மமூர் கால்வாய் தொடங்குகிறது. அது துக்கிராலாவிலிருந்து கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் நன்னீர்க் கால்வாய். டெல்டா நிலம் கடலை நோக்கிச் சரிவதால், அந்தப் பக்கத்து லாக்குகள் நிஜமாகவே படகை ஏற்றி இறக்கின. பாசஞ்சர் சொன்ன படிக்கட்டு வேண்டுமென்றால் அங்கே வந்து பார்க்கலாம். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் தவளேஸ்வரத்தில் கோதாவரி அணை கட்டி முடித்தது 1852. பாசனத்துக்கு வெட்டிய கால்வாயிலேயே படகும் போக வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அந்த வழியாகக் காக்கிநாடாவில் ஏறிய சரக்கு, கடலைத் தொடாமலே சென்னை வந்து சேர முடிந்தது. இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

ஆரம்பாக்கம் பாசஞ்சர்

சரி, ஏற்றுவதற்கோ தடுப்பதற்கோ, லாக் லாக்தானே. கதவு போட்டால் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் படகு மிதக்கும். நான் சொன்னதில் என்ன தவறு?

பழவேற்காட்டுப் பெண்

தண்ணீர் நிற்கும், அதுதான் தம்பி எங்களுக்கு வயிற்றெரிச்சல்.

நாங்கள் ஏரியில் பிழைக்கிறவர்கள். ஏற்றம் வந்தால் இறால் குஞ்சு உள்ளே வரும், வற்றம் போனால் வளர்ந்தது வெளியே போகும். மடவையும் நண்டும் அப்படித்தான். முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் ஏரி முழுக்கச் செத்துப்போகும். கோடையில் கடலைவிட உப்பாகிவிடும், மீன் சுருங்கிவிடும். ஏற்கெனவே சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே சாலை போட்டதிலிருந்து வடக்கே தண்ணீர் ஓட்டம் குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் இன்றும் புலம்புகிறார்கள். இதற்கு மேல் நீங்கள் கால்வாயிலும் கதவு போட்டு அடைத்தால் நாங்கள் எங்கே போவது?

எங்கள் ஊரில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்தக் குப்பத்துக்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். சுத்துவலை போடும் ஒவ்வோர் இடமும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறது. சுற்றுலாப் படகு வந்து வலையைக் கிழித்தால் அந்த நஷ்டத்தை யார் தருவார்கள்? எல்லையில் இந்த மாநிலம், அந்த மாநிலம் என்று ஏற்கெனவே தகராறுக்குக் குறைவில்லை.

பழைய கல்லைப் பார்த்து மகிழுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீரைத் தொடாதீர்கள்.

சவுக்குத்தோப்பு

அக்கா, ஒரு நியாயத்துக்காகக் கேட்கிறேன். கால்வாயில் கதவுகள் இருந்த காலத்திலும் உங்கள் ஊரில் மீன் பிடித்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

பழவேற்காட்டுப் பெண்

இருந்தார்கள். அன்று கதவைத் திறந்து மூட ஓர் ஆள் இருந்தான். படகு வந்தால் திறப்பான், வெள்ளம் வந்தால் மூடுவான், எங்கள் ஆட்கள் போய்ச் சொன்னாலும் கேட்பான். இன்று கதவை வைத்துவிட்டுப் பொத்தானை யாரிடம் கொடுப்பீர்கள்? நெல்லூரில் இருக்கும் ஓர் அதிகாரியிடமா?

கரையோரக் காக்கை

அக்கா பேசியதுதான் இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி. சூளூர்ப்பேட்டைச் செங்காளம்மன் கோயிலில் இரவிலும் கதவை அடைப்பதில்லை, அங்கே அம்மன் பார்த்துக்கொள்கிறாள். லாக்குக்கு ஆள் வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். ரயில் வந்ததால்தான் கால்வாய் அழிந்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அப்படியானால் கதவு இருந்து என்ன, இல்லாமல் என்ன?

சூளூர்ப்பேட்டை ஓய்வூதியர்

ரயில் மேல் பழி போடுவது வசதியான கதை. தேதிகளை வைத்துப் பாருங்கள். சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் கூடூர் வழியாக அகல ரயில்பாதை முழுமையானது 1899இல். அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கால்வாயில் படகு போனது. பயணிகளும் அவசரச் சரக்கும் ரயிலுக்கு மாறியது உண்மைதான். ஆனால் விறகு, உப்பு, கிளிஞ்சல் சுண்ணாம்பு ஆகியவற்றுக்கு அவசரம் கிடையாது. அவை ஏற்றும் இடமும் கால்வாய்க் கரை, இறக்கும் இடமும் கால்வாய்க் கரை. ஸ்ரீஹரிகோட்டாவில் வெட்டிய சவுக்கை ஏரி தாண்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், வேகனில் ஏற்றி, சென்னையில் இறக்கி, மறுபடி வண்டியில் ஏற்றுவதா? படகுக்காரன் காற்று இருந்தால் பாய் விரிப்பான். இல்லாவிட்டால் கழி ஊன்றுவான். அதுவும் முடியாவிட்டால் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே போவான். கூலி மலிவு.

கால்வாயைக் கொன்றதில் முதல் பங்கு பராமரிப்பைக் குறைத்ததற்கு. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. அதுவரை ஒரே அரசின் கையில் இருந்த கால்வாய் இரண்டானது. இங்கே தூர் வாரினால் அங்கே வாரவில்லை, அங்கே கதவை மாற்றினால் இங்கே மாற்றவில்லை. நடுவில் ஓரிடத்தில் தரை தட்டினாலும் முழு வழியும் பயனற்றது அல்லவா? அடுத்து 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள். கரை உடைந்தது, மணல் புகுந்தது. அதன் பிறகு சரி செய்ய யாருக்கும் மனமில்லை. லாரி வந்துவிட்டது, சமையலுக்கு மண்ணெண்ணெய் வந்துவிட்டது, பிறகு கேஸ். ஸ்ரீஹரிகோட்டாவும் ராக்கெட் தளமாகிவிட்டது. 1971இல் அங்கே முதல் ராக்கெட் கிளம்பியது. விறகுத் தொட்டிக்கு அங்கே இனி என்ன வேலை?

என் கணக்கில் முதலில் போனது கதவு, பிறகுதான் படகு. மரக்கதவு உப்புநீரில் நிற்கிறது. அதில் புழு துளைக்கும், அடிக்கட்டை உளுக்கும். சில வருடங்களுக்கு ஒரு முறை கழற்றி மாற்றாவிட்டால் ஒழுகும். ஒழுகினால் ஆற்று மணல் உள்ளே வரும். மணல் வந்தால் படகு நிற்கும். படகு நின்றால் சுங்கம் வராது. சுங்கம் வராவிட்டால் அடுத்த கதவுக்குப் பணம் கேட்டால் சிரிப்பார்கள். இப்படித்தான் முடிந்தது.

கரையோரக் காக்கை

இதையும் படியுங்கள் பாசஞ்சர். சென்னைக்குள் என்ன நடந்தது? 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே முதல் பதினொரு மைல் வெட்டப்பட்டது. அதைக் கோக்ரேன் கால்வாய் என்றார்கள், தனியார் கையில் இருந்தது. 1837இல் அரசு எடுத்துக்கொண்டு வடக்கே நீட்டியது. இன்று அதே கால்வாயின் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன, 1995இல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. தூணுக்கு நடுவில் எந்தச் சுற்றுலாப் படகை விடுவீர்கள்? நீர்வழி 4 என்று சட்டம் போட்டார்கள், வேலை தொடங்கியது கிருஷ்ணா ஆற்றில்தான். நம் பக்கத்தில் பாலங்கள் எத்தனை தாழ்வாக இருக்கின்றன என்று தடாவைத் தாண்டாமலே சொல்லிவிடலாம்.

ஆரம்பாக்கம் பாசஞ்சர்

சென்னை வரை போக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே. ஏரியிலிருந்து லாக் வரை விட்டாலே போதும். எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொல்பவர்கள் நிறைந்த நாடு இது.

சவுக்குத்தோப்பு

இன்னொரு பக்கத்தையும் யாரும் பேசவில்லை. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த எட்டுக் கிலோமீட்டர், 1877-78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்த நேரத்தில் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர்தான் கால்வாய்க்கு வைக்கப்பட்டது. அதே பஞ்சத்தில், 1877 தொடக்கத்தில், சென்னை மாகாணத்து நிவாரணக் கூலியை ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி குறைத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா. அந்தக் கூலியில் மண் சுமந்தால் உடம்பில் என்ன மிஞ்சும்?

பாரம்பரியம், கட்டடக்கலை என்று எழுதும்போது இதை விட்டுவிடுகிறோம். துகராஜபட்டணத்திலும் அப்படித்தான். 1639இல் சென்னைப்பட்டணத்துக்கு இடம் பார்த்த பிரான்சிஸ் டே அங்கிருந்த ஆங்கிலேயப் பண்டகசாலையில் இருந்துதான் வந்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம், அங்கே இன்று இருப்பவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

பழவேற்காட்டுப் பெண்

கால்வாய் எங்களுக்குச் செய்த நன்மையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்தபோது கரைக்கும் ஊருக்கும் நடுவில் இந்தக் கால்வாய் இருந்த இடங்களில் தண்ணீர் அதில் விழுந்து நிரம்பி வேகம் தணிந்தது. வடக்கே நெல்லூர், பிரகாசம் கரையோரக் குப்பங்களில் அப்படிப் பலர் பிழைத்தார்கள் என்று பிறகு ஆய்வாளர்களும் சொன்னார்கள். ஆகவே கால்வாயைத் தூர்த்துக் கட்டடம் கட்டுகிறேன் என்று யாராவது வந்தால் நானே முதலில் நிற்பேன். பள்ளம் பள்ளமாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

கொம்மமூர்

அக்காவும் ஓய்வூதியர் ஐயாவும் ஒரே விஷயத்தைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பாசஞ்சர் கோபிக்க வேண்டாம், நீங்கள் கேட்கும் படகு சவாரி ஏரியிலேயே நடக்கும், லாக் தேவையில்லை. லாக்கைப் பார்க்க வருபவர் நடந்து வரட்டும்.

சவுக்குத்தோப்பு

சரி, இயக்கும் பேச்சை ஒதுக்கிவைக்கிறேன். கல் விழாமல் இருக்க என்ன செய்யலாம்? அந்த அரசமரத்தை நாலு பேர் சேர்ந்து பிடுங்கிவிடலாமா?

சூளூர்ப்பேட்டை ஓய்வூதியர்

பிடுங்கவே கூடாது! வேர் சுவருக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. இழுத்தால் கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து வரும், ஒரு வரிசை போனால் மழைக்காலத்தில் மேல் வரிசை தானாகச் சரியும். கிளைகளை முதலில் இறக்கிவிட்டு, அடிமரத்தைச் சுவர் மட்டத்தில் அறுக்க வேண்டும். வெட்டு முகத்தில் துளையிட்டு மருந்து வைத்தால் வேர் உள்ளேயே செத்து மட்கும். அதற்குப் பிறகு பிளவைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்கலாம். தயவுசெய்து சிமென்ட் பூசாதீர்கள். உப்பு உள்ளேயே தங்கி, கல்லின் முகத்தை உரித்துவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பு இன்றும் நம் பக்கத்தில் கிடைக்கிறது.

கரையில் மண்டியிருக்கும் சீமைக் கருவேலத்தை வேண்டுமானால் வேரோடு எடுக்கலாம், ஆனால் சுவரிலிருந்து இரண்டு ஆள் தூரம் விட்டு.

வேலையை ஆடிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசிக்குப் பிறகு அந்தப் பாதையில் டிராக்டர் கூடப் போகாது.

பழவேற்காட்டுப் பெண்

அனுமதி இல்லாமல் போய் மரத்தை வெட்டினால் வம்பில் மாட்டிக்கொள்வீர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் பேசுங்கள். கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டால் அதிகாரிகள் கொஞ்சமாவது திரும்பிப் பார்ப்பார்கள்.

சூளூர்ப்பேட்டை ஓய்வூதியர்

மனு தெலுங்கில் இருக்க வேண்டும். நான் எழுதித் தருகிறேன். மரம் அறுக்க அனுமதி, கல் எடுப்பதைத் தடுக்க ஒரு பலகை, வேலைக்கு ஊர் ஆட்களுக்கே கூலி. மூன்றே கோரிக்கைகள். நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஆரம்பாக்கம் பாசஞ்சர்

நானும் கையெழுத்துப் போடுகிறேன். கதவைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுங்கள் ஐயா.

பழவேற்காட்டுப் பெண்

சேர்த்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

சூளூர்ப்பேட்டை ஓய்வூதியர்

சேர்க்கவில்லை அம்மா. ஞாயிற்றுக்கிழமை வரைவை இங்கேயே போடுகிறேன், தெலுங்கு படிக்கத் தெரிந்தவர்கள் திருத்திக் கொடுங்கள்.